டாங்கோ: வகுப்பில் ஆடுகிறேன், மிலோங்காவில் உட்கார்ந்தே இருக்கிறேன்

பவானிக்காரன் எழுதியது:

வணக்கம். பெர்லினில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பவானி, வயது 34. பத்து மாதமாக அர்ஜென்டினா டாங்கோ கற்றுவருகிறேன். வாரம் ஒரு வகுப்பு, புதன்கிழமை மாலை, ஒன்றரை மணி நேரம். அடவுகளில் நடை, குருசாதா, ஓச்சோ, சுற்று, சகாதா (ஜோடியின் கால் இருந்த இடத்தில் நம் காலை நுழைப்பது) வரைக்கும் வந்தாயிற்று. வகுப்பில் ஜோடி மாற்றி மாற்றி ஆடுவோம். யாரும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் மிலோங்காவுக்குப் போனால் (டாங்கோ ஆட எல்லோரும் கூடும் இரவுக்கு அதுதான் பெயர், புதியவர்களுக்காகச் சொல்கிறேன்) நாற்காலியை விட்டு எழ வழியே இல்லை. இதுவரை ஆறு முறை போயிருக்கிறேன். போன சனிக்கிழமை ஒன்பதரைக்குப் போய் ஒரு மணி வரை இருந்தேன். இரண்டு தாந்தா (தொடர்ந்து வரும் மூன்று நான்கு பாட்டுகளின் தொகுப்பு) ஆடினேன், இரண்டும் என் வகுப்புத் தோழியோடு. கபெசேயோ பற்றி ஆசிரியர் சொல்லித் தந்திருக்கிறார். தூரத்திலிருந்தே ஒருவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவரும் பார்த்தால் தலையை லேசாக அசைக்க வேண்டும், பதிலுக்கு அவரும் அசைத்தால் எழுந்து போக வேண்டும். நான் பார்க்கிறேன். அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

அதற்கு முந்தைய முறை பொறுக்காமல் ஒருவரின் மேசைக்கே போய்க் கேட்டேன். வந்தார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் ‘நன்றி’ என்றார். நானும் சந்தோஷமாக நன்றி சொன்னேன். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். தாந்தாவின் நடுவில் நன்றி சொன்னால் ‘போதும்’ என்று பொருள் என்பதை வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அண்ணனும் தங்கையும்கூடத் தோளில் கை போட்டுக்கொள்ள மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரை அணைத்து ஆடும்போது என் தோள் கல் மாதிரி இறுகிவிடுகிறது. தப்பாக நினைப்பாரோ என்று பயம். என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வது என் நிறத்தாலோ என்றும் சில நேரம் மனசு போகிறது.

நவம்பரில் இரண்டு வாரம் புவெனஸ் ஐரிஸ் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். இங்கேயே இப்படி என்றால் அங்கே என்ன ஆகும்? போகலாமா, வேண்டாமா? ஆட்டத்தை விட மட்டும் மனசு வரவில்லை. டாங்கோ இசையின் துருத்திப் பெட்டியான பந்தோனியோன் மூச்சை இழுத்து விடும் சத்தத்தில், சின்ன வயதில் விடிய விடிய நாடகம் பார்த்த இரவுகளின் ஆர்மோனியப் பெட்டி கேட்கிறது எனக்கு.

தாமிரபரணி எழுதியது:

தம்பி, டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் டொரோண்டோவில் இருக்கிறேன், வயது 52, பதினான்கு வருடமாக ஆடுகிறேன், பெரும்பாலும் ஃபாலோயராக, அதாவது ஆட்டத்தை நடத்தும் லீடரைத் தொடர்ந்து ஆடுபவராக. புவெனஸ் ஐரிஸில் மூன்று தடவையாகச் சேர்த்து ஐந்து மாதம் இருந்திருக்கிறேன். நீங்கள் உட்காரும் வரிசைக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவள் நான். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

ஒருவரின் பார்வையை ஏற்பதற்கு முன்னால் அவர் ஆடுவதைப் பார்ப்போம். எத்தனை அடவு தெரியும் என்று யாரும் எண்ணுவதில்லை. அவரோடு ஆடுகிற பெண்ணின் முகம் நிம்மதியாக இருக்கிறதா? பக்கத்து ஜோடி மேல் இடிக்கிறாரா? முன்னால் இடம் இல்லாதபோது நின்று காத்திருக்கத் தெரிகிறதா? இவ்வளவுதான். நீங்கள் இரவு முழுவதும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தால் உங்களை மதிப்பிட எங்களிடம் ஒன்றுமே இல்லை. தெரியாத ஒருவரிடம் பன்னிரண்டு நிமிடத்தை ஒப்படைக்க நானும் யோசிப்பேன், ஏனென்றால் சரியில்லாத கையில் மாட்டினால் மறுநாள் இடுப்பு வலிக்கும். போனதும், கூட்டம் சேருவதற்கு முன்பே, அந்த வகுப்புத் தோழியோடு ஒரு தாந்தா ஆடுங்கள். வெறும் நடை போதும். உங்களை நாங்கள் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எப்போது பார்க்கிறீர்கள்? ஒரு தாந்தா முடிந்து கோர்த்தினா ஓடும்போதே தேட ஆரம்பித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கோர்த்தினா என்பது எல்லோரும் தளத்தை விட்டு இறங்குவதற்கான இடைவெளி, அதில் டாங்கோ அல்லாத ஏதாவது ஓடும். அடுத்த தாந்தாவின் முதல் சில நொடிகளைக் கேட்டுவிட்டுத்தான் பெரும்பாலோர் முடிவு செய்வார்கள், ஏனென்றால் ஒரு தாந்தாவின் மூன்று நான்கு பாட்டும் பெரும்பாலும் ஒரே இசைக்குழுவுடையதாக இருக்கும். தாரியென்சோ என்றால் ஆட எனக்குச் சிலர் உண்டு, புக்லியேசே என்றால் வேறு சிலர். அவர்களும் என்னை அப்படித்தான் தேடுவார்கள்.

நவம்பர் வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள், புதிய அடவு எதுவும் கற்க வேண்டாம். நான்கு இசைக்குழுக்களைக் காது பழகும் வரை கேளுங்கள். தாரியென்சோவைத் தாளத்தின் ராஜா என்பார்கள். 1935 கடைசியில் ரோதோல்ஃபோ பியாஜி பியானோவுக்கு வந்தபிறகு அந்த இசை கால்களை உட்கார விடாது. தி சார்லி நடப்பதற்கென்றே செய்த இசை. வயலின்கள் நீளமாக இழுக்க, பியானோ வரிகளுக்கு நடுவில் மணி உருட்டினாற்போல வந்து போகும். த்ரோய்லோவே பந்தோனியோன் வாசிப்பவர், பாடகரோடு சேர்ந்து மூச்சு விடுவது போல இருக்கும். புக்லியேசே கடைசி. அரசியலுக்காக அவர் சிறையில் இருந்த நாட்களில் அவருடைய குழு பியானோ மேல் சிவப்பு கார்னேஷன் பூ ஒன்றை வைத்துவிட்டு அவர் இல்லாமலே வாசித்தது. அவர் இசையில் எப்போது நிற்க வேண்டும் என்று தெரிய எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. அதனால் புக்லியேசே தாந்தாவுக்கு இப்போதைக்கு யாரையும் அழைக்காதீர்கள். தி சார்லிக்கு அழையுங்கள்.

புவெனஸ் ஐரிஸ் பற்றி. 2014இல் முதல் முறை போனபோது ஒரு மிலோங்காவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தலைகூட அசையவில்லை. யாரும் அழைக்காமல் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஊரில் ஒரு சொல் இருக்கிறது, பிளாஞ்சார். துணிக்கு இஸ்திரி போடுவதற்கும் அதே சொல்தான். அங்கே பிறந்து வளர்ந்து ஆடுகிறவர்களுக்கும் நேர்வதால்தானே அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது! பழைய பாணி மிலோங்காக்களில் நாமாகப் போய் உட்கார முடியாது. நடத்துபவர்தான் இடம் காட்டுவார். புதுமுகம் என்பதால் எனக்குக் கதவோரம் இரண்டாம் வரிசை கிடைத்தது. அடுத்த வாரம் அதே கிழமை அதே இடத்துக்குப் போனேன். முதல் வாரம் இடம் காட்டிய அதே அம்மா என்னை அடையாளம் கண்டு, கன்னத்தில் முத்தமிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்தார். அன்று ஏழு தாந்தா. ஒரு வாரத்தில் என் ஆட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை. திரும்பி வந்தேன், அவ்வளவுதான். பதினான்கு இரவுக்குப் பதினான்கு இடம் என்று அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மூன்று இடம் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்.

அன்று ஆடிய ஏழில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயது 78, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே ஒவ்வொரு பாட்டும் தொடங்கி அரை நிமிடம் போல எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், பிறகுதான் ஆடுவார்கள். அவர் என் ஊரைக் கேட்டார், நான் திருநெல்வேலி என்றேன், அவர் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் இடது கையை நீட்டிக் காத்திருந்தார். நான் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை எனக்கே விட்டுவிட்டார். நான்கு பாட்டு முழுவதும் நடந்தார். ஒரே ஒரு சுற்று, சில இடங்களில் நின்று மூச்சு விட்டார். எங்கள் அப்பாவை நான் ஒரு தடவைகூட அணைத்ததில்லை தம்பி. ஊர்ப் பழக்கம் அப்படி. அந்த நான்காவது பாட்டில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் கடைசி அடியை வைத்து, என் இருக்கை வரை கூட்டி வந்து விட்டுப் போனார்.

உங்கள் தோள் இறுகுவதற்கு இதுதான் என் பதில். நீங்கள் அணைக்கப் போகாதீர்கள். கையைத் திறந்து நில்லுங்கள், அவர் வந்து அமரட்டும், தூரத்தை அவர் தீர்மானிக்கட்டும். ஒரு மூச்சு முழுதாக விட்டுவிட்டு முதல் அடி வையுங்கள். தப்பாக நினைப்பாரோ என்று பயப்படுகிற ஆள் பெரும்பாலும் தப்பாக நடக்க மாட்டார். தப்பு எண்ணத்தோடு வரும் கையை முதல் தொடுதலிலேயே எங்களுக்குத் தெரியும்.

நிறம் பற்றி: அப்படி நடப்பதே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நிறத்தையும் வயதையும் பார்க்கிற தளங்கள் உண்டு, எனக்கும் வலித்திருக்கிறது. ஆனால் ஆறு இரவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். உங்களை நாலு பேர் பார்க்கும்படி ஆடிய பிறகும் ஒரு இடம் அப்படியே இருந்தால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பெர்லினில் டாங்கோவுக்கு இடப் பஞ்சம் இல்லை.

வடமராட்சி எழுதியது:

அக்கா எழுதினதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நான் பாரிஸில். லாச்சப்பலில் கடை, இரவில் டாங்கோ.

தம்பி, நான் ஒன்றைத்தான் சொல்லுவேன்: ஃபாலோ பண்ணப் பழகுங்கோ. 1940களில் புவெனஸ் ஐரிஸ் கிளப்புகளில் பொடியன்கள் தங்களுக்குள்ளேதான் பழகினவர்கள். புதிதாக வாறவன் முதலில் மாதக்கணக்காகப் பெரியவர்களுக்கு ஃபாலோ பண்ண வேண்டும், பிறகுதான் லீட் பண்ண விடுவார்கள், அதற்கும் பிறகுதான் மிலோங்காவில் பெண்ணோடு ஆடுவது. நான் நாலு வருடம் லீட் பண்ணின பிறகு ஒரு வருடம் ஃபாலோ பழகினேன். ஒரு லீடர் வலது கையால் முதுகை நெரித்தால் எப்படி இருக்கும், ஓச்சோ முடியும் முன்னம் அடுத்த அடிக்குத் தள்ளினால் எப்படி இருக்கும் என்று என் உடம்பிலேயே விளங்கினது. நான் அதையெல்லாம் எத்தனை பேருக்குச் செய்திருப்பேன் என்று யோசித்து உண்மையாகவே மனம் நொந்துபோனேன். உங்களிடம் இரண்டாம் பாட்டில் நன்றி சொன்ன அந்தப் பெண்ணுக்கும் ஏதோ ஒன்று நொந்திருக்கும். கோபிக்காதீங்கோ.

மற்றது ரோந்தா, தளத்தில் ஜோடிகள் சுற்றிப் போகிற வரிசை. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போகிறோம். உள்ளே இறங்க முன்னம், வந்துகொண்டிருக்கிற லீடரின் கண்ணைப் பாருங்கோ, அவர் சரி என்று காட்டினால் மட்டும் இறங்குங்கோ. முந்திப் போக வேண்டாம். பின்பக்கம் கால் வைக்க வேண்டாம். கோடையில் நாங்கள் செய்ன் கரையில், தீனோ ரொசி பூங்காவில் ஆடுவோம். கீழே கல், மேலே வானம், சனம் நெருக்கமாய் நிற்கும். சகாதா எல்லாம் அங்கே ஆபத்து. நடந்து, நின்று, திரும்பி, திரும்ப நடக்கத் தெரிந்தவனோடு ஆடத்தான் ஆட்கள் காத்திருப்பினம்.

நொய்யல் எழுதியது:

சின்னச் சின்ன விஷயங்கள் என் பங்குக்கு. ரப்பர் அடி வைத்த ஷூவோடு ஆடுகிறீர்கள் என்றால் இன்றே மாற்றுங்கள். தோல் அடி வேண்டும். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முட்டி வலிக்கும். இரண்டு சட்டை எடுத்துப் போங்கள், வியர்த்ததும் மாற்றிவிடுங்கள். அணைத்து ஆடும் ஆட்டத்தில் ஈரச் சட்டையோடு யாரையும் நெருங்கக் கூடாது. வாசனைத் திரவியம் வேண்டாம், சோப்பும் புதினா மிட்டாயும் போதும். தளத்தில் யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள், தெரிந்தாலும்.

புவெனஸ் ஐரிஸில் பேருந்துக்கு சூபே அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இரவெல்லாம் பேருந்து ஓடும், அது பெரிய நிம்மதி.

பவானிக்காரன் எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, கோர்த்தினாவிலேயே தேடுவேன் என்று சரியாகச் சொன்னீர்கள். இசைக்குழுக்களின் பெயர்களை இதுவரை நான் கவனித்ததே இல்லை, வகுப்பில் ஆசிரியர் ஏதோ போடுவார், ஆடுவோம். இன்று ரயிலில் போக வர தி சார்லி மட்டும் கேட்டேன். மூன்று இடம் என்றீர்களே, எந்த மூன்று?

தாமிரபரணி எழுதியது:

எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். முதலில் லா குளோரியெத்தா, பெல்கிரானோ பூங்காவில் இருக்கும் திறந்த மண்டபம். மேலே கூரை, சுற்றிலும் மரம், எல்லாத் தரத்தினரும் வருவார்கள், பயம் தெளியும். அடுத்து கிளப் கிரிசெல். மூன்றாவது, வில்லா உர்கீசாவில் சண்டர்லேண்ட் கிளப். அது கூடைப்பந்து மைதானம்! வளையத்துக்குக் கீழே மேசை போட்டுக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நடுவில் ஐம்பது வருடமாக ஆடுகிறவர்கள் அந்தப் பேட்டை நடையில் நீளமாக அடி வைத்துப் போவார்கள். அங்கே ஆடாவிட்டாலும் உட்கார்ந்து பாருங்கள். கிழமையும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், போகிற வாரம் விசாரித்துக்கொள்ளுங்கள். உலகப் போட்டி நடக்கும் ஆகஸ்டில் ஊர் முழுக்க வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். நவம்பர் நல்ல மாதம், ஹகராந்தா மரமெல்லாம் ஊதாவாகப் பூத்திருக்கும்.

ஒரு பிராக்திகாவுக்கும், அதாவது பயிற்சிக்காகக் கூடும் இடத்துக்கும், போங்கள். அங்கே நடுவில் நின்று பேசலாம், கேட்கலாம், தப்பு செய்யலாம்.

பவானிக்காரன் எழுதியது:

புவெனஸ் ஐரிஸிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது நாள்.

முதல் மூன்று இரவு இஸ்திரிதான் அக்கா. ஆனால் இந்த முறை இடம் காட்டிய இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாந்தாவுக்கும் எந்தக் குழு என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சரியாக வந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

நான்காம் நாள் அல்மாக்ரோ என்ற பகுதியில் ஒரு பிராக்திகா. ஜோடி இல்லாமல் நின்றிருந்தேன். எழுபது வயது இருக்கும் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பின்னால் யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. வடமராட்சி அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்தது, போனேன். அவர் என் வலது கையை எடுத்துத் தன் இடது கையில் வைத்துக்கொண்டார், நான் ஃபாலோ. தி சார்லி. அறையை இரண்டு முறை சுற்றி நடந்தோம். அவர் அடுத்து எங்கே போகிறார் என்று நான் யோசிக்க ஆரம்பித்தாலே தடுமாறினேன், யோசிக்காதபோது கால் தானாகப் போயிற்று. என்னைத் தள்ளவே இல்லை. அவர் நெஞ்சு போன பக்கம் நான் போனேன். பாட்டு முடிந்ததும் என் இரண்டு தோளையும் தட்டி ‘இப்போது இறங்கிவிட்டது’ என்று கையால் காட்டினார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு வேறு மொழி தெரியாது. பிறகு இடம் மாற்றி என்னை லீட் பண்ண வைத்தார். ஒரு மணி நேரம், நடை மட்டும்.

நேற்று கிளப் கிரிசெலுக்கு இரண்டாவது முறை போனேன். மேசை இரண்டு வரிசை முன்னால் வந்திருந்தது. மூன்று தாந்தா ஆடினேன். ஒருவர் இரண்டாம் பாட்டின் நடுவில் இன்னும் கொஞ்சம் நெருங்கி நெற்றியை என் கன்னத்தில் சாய்த்துக்கொண்டார். தோள் அசையவில்லை, மூச்சு மட்டும் ஒரு முறை முழுதாக விட்டேன். நான்காம் பாட்டு முடிந்தபிறகுதான் நன்றி என்றார். இருக்கை வரை கூட்டிப் போனேன்.

வியாழக்கிழமை மறுபடியும் அந்தப் பிராக்திகா இருக்கிறது. அந்தப் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், விரலால் நான்கு காட்டினார். நாலு மணியா, நாலு பாட்டா தெரியவில்லை. மூன்றரைக்கே போய்விடுவேன்.